தண்ணி குடிக்காத மோட்டர்

மோட்டர் மூடியைக் கழட்டினதும் டார்ச் அடிக்காதீங்க. மொதல்ல மூக்கைக் கிட்ட கொண்டு போய் மோந்து பாருங்க. அப்புறம் டார்ச். அப்புறம்தான் மீட்டர்.

இதைச் சொன்னா இந்த ஷெட்டு லைன்ல நிறைய பேரு சிரிப்பாங்க. பக்கத்து ஷெட் ஜாதவ் காக்கா என் மூஞ்சிக்கு நேராவே சிரிப்பாரு. காக்கான்னா மராத்தில சித்தப்பா. வேலை கத்துக்க வந்த அன்னிக்கே நீங்க மூணு பேரும் வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சீங்க, பாத்தேன். "என்ன தாயி, மோட்டர்ல சாம்பாரா வைக்கிறே, மோந்து மோந்து பாக்கறே?"ம்பாரு. தாயின்னா அக்கான்னு அர்த்தம், அதுக்கும் சிரிக்காதீங்க. அவரு கேட்டுட்டுப் போகட்டும். அவரு ஷெட்லயும் இப்ப மோந்து பாத்துட்டுதான் வேலை ஆரம்பிக்கறாங்க, நான் பாக்காதப்போ.

ஏன் மோந்து பாக்கணும்னு ஒவ்வொருத்தருக்கும் வாயால சொல்லிப் பாத்தேன். பாதியிலயே நிறுத்திடறேன். அதனால உக்காந்து எழுதறேன். நான் எட்டாவதோட நின்னவ. பேசற மாதிரிதான் எழுத வரும். தப்பு இருந்தா நீங்களே சரி பண்ணிப் படிங்க.

இந்த ஷெட்டு என்னோடது மட்டும் இல்ல. போர்டுல ரெண்டு பேரு இருக்கு, பாத்திருப்பீங்க. சதீஷ் – செல்வி. சதீஷ் என் தம்பி. என்னை விட நாலு வயசு சின்னவன். அப்பா ரோடு காண்ட்ராக்ட்ல எங்களை ஆரணியில இருந்து இங்க பூனாவுக்குக் கூட்டிட்டு வந்துட்டு, ரொம்ப நாள் இருக்காம போய்ச் சேந்துட்டாரு. அம்மா ஔந்த்துல வீடுங்கள்ல சமையல் வேலைக்குப் போகும். தம்பியைப் பாத்துக்க ஆள் இல்ல, அதனால ஸ்கூலை விட்டேன். அவனைக் குளிப்பாட்டி, தலை சீவி, ஸ்கூலுக்கு அனுப்பினது நான். அவன் ஐ.டி.ஐ முடிச்சுட்டு வந்து, "அக்கா, எலக்ட்ரிக் வண்டி ஷெட்டு போடலாம், நீ வயரிங் பாத்துக்க, நான் மோட்டர் பாத்துக்கறேன்"ன்னான். கண்ட்ரோலர், த்ராட்டில், பிரேக் சுவிட்ச், வெளிய இருக்கறது எல்லாம் என்னோட கை. மோட்டருக்கு உள்ள எல்லாம் அவன் கை. அப்படித்தான் பிரிச்சுக்கிட்டோம்.

போன மழைக்கு டெங்கு வந்து போயிட்டான். ஆஸ்பத்திரியில சேத்தோம், போயிட்டான். அதைப் பத்தி இதுக்கு மேல எழுத மாட்டேன்.

காரியம் முடிஞ்சதும் ஊர்ல இருந்து வந்த சொந்தக்காரங்க எல்லாம் ஒரே பேச்சு. ஷெட்டை வித்துடு, பொம்பளைப் புள்ளை தனியா இரும்பு லைன்ல என்னத்தைக் கிழிக்கப் போறே, ஆரணியில பட்டுத் தறி இருக்கு, அங்க வந்துடு. ஒருத்தரு போர்டுல இருக்கற அவன் பேரை அழிக்கச் சொன்னாரு. செத்தவன் பேரு தொழில் இடத்துல இருந்தா ஆகாதாம். நான் பெயிண்ட் வாங்கிட்டு வந்து அவன் பேரு மேலயே இன்னொரு கோட்டு அடிச்சேன், இன்னும் பளிச்சுன்னு தெரியற மாதிரி. அவரு அன்னிக்கு சாயங்காலமே ரயிலேறிட்டாரு.

இப்ப விஷயத்துக்கு வரேன்.

பூனா மழை உங்களுக்கு இன்னும் தெரியாது. ஆரம்பிச்சா நிக்காது. டெலிவரி பசங்க முழங்கால் தண்ணியில வண்டியை விட்டுட்டுப் போவாங்க. சக்கரத்துக்கு உள்ள இருக்கற மோட்டருக்கு வயரு போற ஓட்டை இருக்கே, அந்த ஓட்டை வழியா தண்ணி இறங்கும். உள்ள மூணு ஹால் சென்சார் இருக்கு. நான் அதை மூணு கண்ணுன்னுதான் சொல்வேன். சக்கரம் எங்க நிக்குதுன்னு அந்த மூணு கண்ணும் பாத்துச் சொன்னாத்தான் கண்ட்ரோலரு சரியா கரண்ட் விடும். ஒரு கண்ணு அவிஞ்சாலும் வண்டி குளிர் ஜுரம் வந்த மாதிரி உதறும், இல்லன்னா அப்படியே நின்னுடும். தண்ணி பட்டா மொதல்ல போறது அந்தக் கண்ணுதான்.

அவன் போறதுக்கு முந்தின வருஷ மழையில, சதீஷ் ஒண்ணு பண்ணினான். ஹார்டுவேர் கடையில பாத்ரூம் டைல்ஸுக்கு அடிக்கற வெள்ளை சிலிகான் ட்யூப் இருக்கும் பாருங்க, அதை வாங்கிட்டு வந்து வயரு போற ஓட்டை, சென்சார் போர்டு, மூடியோட விளிம்பு, எல்லா இடத்துலயும் கொழகொழன்னு அடிச்சு மூடினான். கட்டைவிரலால நீவி விடுவான். அந்த மழையில லைன் பூரா மோட்டரு விழுந்துச்சு. நம்ம மோட்டரு ஒண்ணு கூட விழல. "அக்கா, இது தண்ணி குடிக்காத மோட்டரு"ன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரிஞ்சான். விமான் நகர்ல டெலிவரி பசங்களுக்கு வண்டி வாடகைக்கு விடற பாட்டீல் சேட், தன்னோட எல்லா வண்டியையும் நம்மகிட்டக் கொண்டு வந்து அதே மாதிரி அடிக்கச் சொன்னாரு. அதைப் பாத்துட்டு ஜாதவ் காக்காவும், லைன்ல இருக்கற மத்தவங்களும் அதே ட்யூபை வாங்கி அடிச்சாங்க. அதுக்குப் பேரே "சதீஷ் சீல்"னு ஆயிடுச்சு.

அந்த ட்யூபு புளிச்ச வாசனை அடிக்கும். ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி மூக்குல ஏறும். அவன் சட்டை, கை, தலைமுடி, எல்லாம் அதே வாசனை. சோத்துத் தட்டு முன்னாடி வந்து உக்காந்தா, "இன்னிக்கு ஊறுகாய் வேணாம்மா, அதான் வந்துடுச்சே"ம்பேன் நான். வேணும்னே வந்து என் முந்தானையில கையைத் தொடைப்பான்.

அவன் கடைசியா போட்டிருந்த வேலைச் சட்டையை நான் துவைக்கல. பாக்கெட்ல பாதி காலியான ட்யூபு அப்படியே இருந்துச்சு. ஒரு பிளாஸ்டிக் கவர்ல சுத்திக் கட்டி, என் பெட்டிக்கு அடியில வச்சேன். அம்மாவுக்குத் தெரியாது. ரொம்ப முடியாதப்போ கட்டை அவுத்து ஒரு தடவை மோந்து பாத்துட்டு மறுபடி கட்டிடுவேன். காலம் ஆத்தும்னு சொல்றவங்களை எல்லாம் எனக்கு இப்பவும் பிடிக்காது.

தீபாவளி முடிஞ்சு, மழை சுத்தமா நின்னு, குளிர் ஆரம்பிச்ச நேரம். விட்டல்னு ஒரு டெலிவரி ரைடரு, நம்ம ஏரியா கசார்வாடிக்காரன்தான், வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தான். பாட்டீல் சேட்டோட வண்டி.

"தாயி, திடீர்னு நின்னுடுச்சு. பிரிட்ஜ் மேல. பின்னாடி பஸ்ஸு. ஹாரன் அடிச்சுக்கிட்டே முதுகுல ஏற வந்துட்டான்."

"அப்புறம்?"

"காலால உந்தினேன், ஓடுச்சு. மறுபடி நின்னுச்சு. மறுபடி உந்தினேன். வண்டி ஓட்டறேனா ஊஞ்சல் ஆடறேனான்னே தெரியல."

நான் ஓட்டிப் பாத்தேன். நல்லா ஓடுச்சு. அதுதான் பிசாசு. இதை நல்லாக் கேட்டுக்கங்க: வண்டி உங்ககிட்ட வந்ததும் நல்லா ஓடுச்சுன்னா பிரச்சினை போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. அது ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு. ஜாதவ் காக்கா வந்து எட்டிப் பாத்துட்டு, "கண்ட்ரோலரு போயிருக்கும், மாத்திடு"ன்னாரு. மாத்தினேன். ஓடுச்சு. மறுநாளே விட்டல் மறுபடி தள்ளிக்கிட்டு வந்தான். த்ராட்டிலை மாத்தினேன். கனெக்டரை வெட்டிப் புதுசு போட்டேன். பிரேக் சுவிட்சைக் கழட்டிப் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் ஓடும், போகும், சூடானதும் நடுரோட்டுல நிக்கும், தள்ளிக்கிட்டு வருவான். ஒரு தடவை கூட அவன் என்னைத் திட்டல. அதுதான் எனக்குத் தாங்கல.

அந்த வண்டியை விடாம பாத்துக்கிட்டு இருக்கும்போதே இன்னொண்ணு வந்துச்சு. அப்புறம் இன்னொண்ணு. எல்லாம் நம்ம சீல். எல்லாம் அவன் கை.

மீட்டரை வச்சு, சக்கரத்தைக் கையால மெதுவா சுத்தினா மூணு கண்ணுல எது அவிஞ்சிருக்குன்னு கொஞ்ச நேரத்துல தெரிஞ்சுடும். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா நான் அந்தப் பக்கமே போகல. ஏன்னா மீட்டரு மோட்டருன்னு காட்டினா மோட்டரைத் திறக்கணும். அவன் மூடினது. அவன் கையால மூடினதை நான் பிளேடு போட்டு அறுக்கணும். அதனால வெளிய இருக்கற எல்லாத்தையும் மாத்திக்கிட்டே இருந்தேன். வேலை பாக்கற மாதிரி இருந்துச்சு, ஆனா அது வேலை இல்ல. நீங்களும் ஒருநாள் இப்படி சுத்தி சுத்தி வருவீங்க. எதைத் தொட மனசு வரலையோ, மொதல்ல அதைத் தொடுங்க.

பாட்டீல் சேட் ஒருநாள் காலையில நேரா வந்துட்டாரு. விட்டல் அன்னிக்கும் வண்டியோட அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தான்.

"செல்வி, நிக்கறது எல்லாமே உங்க சீல் போட்ட வண்டி. கவனிச்சியா?"

"சீலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல சேட்."

"திறந்து பாத்தியா?"

நான் ஸ்பேனரை எடுத்து வேற ஒரு நட்டைத் திருகினேன்.

"பாரும்மா, நான் சண்டைக்கு வரல. சதீஷ் எனக்கும் பையன் மாதிரி. ஆனா மத்த ஓனருங்க என்ன கேக்கறாங்க தெரியுமா? அந்தப் பையன் என்னத்தை அடிச்சு வச்சுட்டுப் போனான்னு கேக்கறாங்க."

"அவனைப் பத்திப் பேசாதீங்க!" கையில ஸ்பேனர் இருந்துச்சு. அதை மேஜையில போட்ட சத்தத்துக்கு அடுத்த ஷெட்டுல லேத்து நின்னுடுச்சு.

சேட் கோவப்படல. அதுதான் கஷ்டம். கோவப்பட்டிருந்தா விரட்டியிருப்பேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து, மெதுவா சொன்னாரு. "ஒரு வழி சொல்றேன். ரைடருங்க பிரஷர் வாஷ் அடிச்சதால தண்ணி உள்ள போயிடுச்சுன்னு சொல்லிடு. நானும் அதையே சொல்லிக்கறேன். பிரஷர் வாஷ் அடிச்சா வண்டியைத் திருப்பி வாங்கிக்குவேன்னு அவங்களுக்கு மொதல்லயே சொல்லியிருக்கேன், வாங்கிக்கறேன். நீ எல்லா மோட்டரையும் புதுசா பண்ணிக் குடு. உனக்கும் கெட்ட பேரு இல்ல. போன பையனுக்கும் இல்ல."

விட்டலுக்கு மூஞ்சி செத்துப் போச்சு. "சேட், நான் பிரஷர் வாஷ் பக்கம் தலை வச்சே படுத்ததில்ல. ஈரத்துணியில தொடைக்கறேன். என் பொண்ணைக் கூட அப்படித் தொடைக்க மாட்டேன். தாயி, நீங்க சொல்லுங்க."

"உன்னை யாருப்பா கேட்டா?"ன்னாரு சேட்.

வண்டி போனா அவனுக்கு வேலை போச்சு. வேற யாரும் உடனே வண்டி குடுக்க மாட்டாங்க. அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சாயங்காலம் சொல்றேன் சேட்"னு சொன்னேன். அப்பவே இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரல. எழுதும்போது நல்ல மாதிரி எழுதிக்கலாம், ஆனா அதான் நடந்துச்சு.

மத்தியானம் அம்மா ஔந்த்ல வேலையை முடிச்சுட்டு, டிபன் பாக்ஸோட வந்துச்சு. வாசல்ல காத்திருந்த விட்டல் காதுல விழாம எல்லாத்தையும் சொன்னேன்.

"சேட் சொல்றதுல என்ன தப்பு?"ன்னுச்சு அம்மா. "அந்த மனுஷன் நம்ம மானத்தைக் காப்பாத்தத்தானே பாக்கறாரு."

"விட்டல் என்ன பண்ணுவான்?"

"அவனுக்கு வேற வண்டி கிடைக்கும்டி. நமக்கு வேற புள்ளை கிடைப்பானா? அவன் பேரு ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. அதையும் கெடுக்கணுமா?"

அம்மா சொன்னது எனக்குள்ளயும் இருந்த பேச்சுதான். காலையில இருந்து நான் எனக்கே சொல்லிக்கிட்டு இருந்தது. ஆனா அதை இன்னொருத்தர் வாயில கேட்டப்போ கோவம் வந்துடுச்சு. பேரு கெடும்னு பயந்தா, அவன் தப்பு பண்ணியிருப்பான்னு அம்மாவே நம்புதுன்னுதானே அர்த்தம்? நானும் அதைத்தானே நம்பறேன்? திறந்தே பாக்காம நாங்க ரெண்டு பேரும் அவனைக் குத்தவாளி ஆக்கிட்டோம். "அவன் மேல தப்பு இல்லன்னு இப்பவே காட்டறேன் பாரு"ன்னு விட்டல் வண்டிச் சக்கரத்தைக் கழட்டி மேஜையில போட்டேன்.

விளிம்பு பூரா வெள்ளையா சிலிகான். ஒரு இடத்துல அவன் நீவி விட்ட கட்டைவிரல் ரேகை அப்படியே பதிஞ்சிருந்துச்சு. அந்த இடத்துலதான் பிளேடு போட்டாகணும். அம்மாவுக்குத் தெரியாம மறைச்சுக்கிட்டு அறுத்தேன். அந்தத் துண்டை எடுத்து வச்சேனான்னு கேக்காதீங்க. கேட்டா சொல்ல மாட்டேன்.

மூடியை புல்லர் போட்டு இழுத்தேன். காந்தம் விடாது, தெரியும்ல, கடைசியில படக்னு விட்டுச்சு.

விட்டதும் வாசனை வந்துச்சு.

பெட்டிக்கு அடியில கவர்ல கட்டி வச்சிருக்கற அதே வாசனை. ஊறுகாய் ஜாடி. என் தம்பி. அத்தனை மாசமா உள்ளயே அடைஞ்சு கிடந்துட்டு, அப்படியே எழுந்து வந்த மாதிரி மூஞ்சியில அடிச்சுச்சு. நான் மூடியைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னுட்டேன். அம்மா சோத்தை வச்சுட்டு எழுந்து வந்துச்சு. குனிஞ்சு மோந்துச்சு. "இது அவன் வாசனைடி"ன்னுச்சு. அம்மாவும் மறக்கல. நான் மட்டும்தான் வச்சுக்கிட்டு இருக்கேன்னு நெனைச்சிருந்தேன்.

ரெண்டு பேரும் அந்த மோட்டரு மேல தலையை வச்சுக்கிட்டு அழுதோம். வாசல்ல இருந்த விட்டல் தள்ளிப் போய் நின்னுக்கிட்டான், பாவம்.

அப்புறம் டார்ச் அடிச்சேன். உள்ள ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. தண்ணி வந்து காய்ஞ்ச கறை கூட இல்ல. எலும்பு மாதிரி காய்ஞ்சு கிடந்துச்சு. அவன் சொன்னது நிஜம், தண்ணி குடிக்காத மோட்டருதான் அது. எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம் கூட வந்துடுச்சு. "பாத்தியா? பாத்தியா?"ன்னு கத்தினேன்.

அம்மாதான் கிட்ட குனிஞ்சு, "என்னடி இது, செம்புல களிம்பு ஏறின மாதிரி இருக்கு?"ன்னுச்சு.

சென்சார் கால்ல பச்சை. வயரு தோலுரிஞ்ச இடத்துல செம்பு தெரியணும், அங்க பச்சைப் பொடி. கண்ணுக்குப் போற வயரை விரலால தொட்டேன், பொலபொலன்னு உதிந்துச்சு. சிலிகான் எங்க கனமா இருந்துச்சோ அங்கதான் பச்சையும் கனமா இருந்துச்சு.

"இதுல புளி ஏதாவது ஊத்தினீங்களா?"ன்னுச்சு அம்மா. "செம்புப் பாத்திரத்துல புளிப்பை வச்சு மூடினா இப்படித்தான் ஆகும்."

சொல்லி முடிச்சதும் அம்மா அந்த சிலிகானை மறுபடி ஒரு தடவை மோந்து பாத்துச்சு. அந்தப் புளிப்பு எங்க இருந்து வந்துச்சுன்னு அப்பத்தான் எங்க ரெண்டு பேருக்கும் புரிஞ்சுச்சு.

"மூடிடுடி"ன்னுச்சு அம்மா. ரொம்ப மெதுவா. "செல்வி, மூடிடு."

சாயங்காலம் வரைக்கும் நான் காத்திருக்கல. அப்பவே சேட்டுக்கு போன் போட்டேன். விட்டலை உள்ள கூப்பிட்டு, அவன் முன்னாடியே பேசினேன்.

"சேட், உள்ள தண்ணி இல்ல. பிரஷர் வாஷ் இல்ல. ரைடரு யாரு மேலயும் கை வைக்காதீங்க."

"அப்ப காரணம் என்ன?"

"தெரிஞ்ச மாதிரி இருக்கு. உறுதி பண்ணிட்டுச் சொல்றேன்."

"காரணம் உன் தம்பியா இருந்தா?"

"இருந்தா அதையும் நானே சொல்றேன். வேற யாரும் சொல்லக் கூடாது."

உறுதி பண்ணினது எப்படின்னு சொல்றேன், ஏன்னா கண்ணால பாத்ததையே நம்பிடாதீங்க. எனக்கு அன்னிக்கு அழுகையும் கோவமும்தான் இருந்துச்சு, அந்த நேரத்துல எடுக்கற முடிவு முடிவே இல்ல. அம்மாவோட ஊறுகாய் பாட்டில் மூணு கழுவிக் காய வச்சேன். மூணுலயும் புதுசா தோலுரிச்ச செம்பு வயரு போட்டேன். ஒண்ணுல அந்த ட்யூபு சிலிகானைத் தடவினேன். இன்னொண்ணுல புளிச்ச வாசனை வராத வேற சிலிகான், எலக்ட்ரானிக்ஸ் கடையில கேட்டா குடுப்பாங்க. மூணாவதுல ஒண்ணும் இல்ல. இறுக்கி மூடி ஜன்னல்ல வச்சேன். ஜாதவ் காக்கா, "கடைக்குக் கண்ணு பட்டுடுச்சுன்னு கட்டி வைக்கறியா?"ன்னாரு. தினமும் காலையில ஷட்டரைத் தூக்கினதும் பாப்பேன். பச்சை வரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே பாப்பேன். அவன் பக்கம் ஒரு ஓட்டாவது விழட்டும்னு.

வந்துச்சு. அந்த ஒரு பாட்டில்ல மட்டும். மத்த ரெண்டுலயும் வயரு சிவப்பாவே இருந்துச்சு.

பாட்டிலை எடுத்துக்கிட்டு டீ டப்ரிக்கு, அதான் டீக்கடைக்குப் போனேன். காலையில லைன்காரங்க எல்லாம் அங்கதான் நிப்பாங்க. சேட்டையும் வரச் சொல்லியிருந்தேன். பெஞ்சு மேல மூணு பாட்டிலையும் வச்சேன்.

"இது என் தம்பி அடிச்ச சிலிகான். நீங்களும் அடிச்சீங்க. இதுல புளிப்பு இருக்கு. மூடின இடத்துல அது வெளிய போக வழி இல்ல, செம்பைத் தின்னுடுது. வண்டி நடுரோட்டுல நிக்கறது இதனாலதான். என் தம்பி தண்ணியை நிறுத்தினான், அது சரி. இந்த ட்யூபை எடுத்தான், அது தப்பு. சேட், உங்க வண்டி எல்லாத்தையும் கொண்டு வாங்க. நின்னது மட்டும் இல்ல. ஓடறதும்."

"ஓடறதை எதுக்கு?"ன்னாரு சேட்.

"பிரிட்ஜ் மேல நிக்கறதுக்கு முன்னாடி."

ஜாதவ் காக்கா டீ கிளாஸை டக்குனு வச்சாரு. "ஏய், உனக்குப் பைத்தியமா? இதை எல்லாரு முன்னாடியும் சொன்னா நாளைக்கு என் ஷெட்டு வாசல்ல வரிசையில நிப்பானுங்க! பேசாம இருந்திருந்தா மோட்டரு பழசாயிடுச்சுன்னு போயிருக்கும். சொந்தத் தம்பி பேரை நீயே தோண்டி எடுக்கறியே, அக்காவா நீ?"

நான் அவரைப் பாத்துக் கத்தினதை அப்படியே எழுதறேன். "அக்காதான் காக்கா! அவனை வளத்தவ நான். அவன் ஸ்கூல்ல கல்லடிச்சு கண்ணாடியை உடைச்சப்போ டீச்சர் முன்னாடி போய் நின்னவ நான். ஆமா, எங்க பையன்தான் உடைச்சான்னு சொல்லிட்டு, என்ன பண்ணணும்னு கேட்டேன். இன்னிக்கும் அதான் கேக்கறேன். அவனை யாரு மேலயாவது பழி போட்டுத் தப்பிச்சவனா ஆக்க மாட்டேன். உயிரோட இருந்தா அவனே இந்தப் பாட்டிலைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்திருப்பான். எனக்கு முன்னாடியே வந்திருப்பான்!"

 கூட்டத்துல நின்ன விட்டல் கடைக்காரன்கிட்ட, "தாயிக்கு ஒரு டீ"ன்னான்.

நான் ஜெயிச்சுட்டேன்னு நெனைக்காதீங்க. சேட் எல்லா வண்டியையும் கொண்டு வந்தாரு, நான் ஒண்ணொண்ணா அறுத்து, பச்சையைச் சுரண்டி, புது வயரு, புது கண்ணு போட்டேன். முடிஞ்சதும் அடுத்த வேலைக்கு வேற ஷெட்டுக்குப் போயிட்டாரு. ரொம்ப நாள் இந்தப் பக்கம் திரும்பல. லைன்ல பாதிப் பேரு என்கிட்டப் பேசல. ஷட்டரை மூடிக்கிட்டு உள்ள உக்காந்து, தறிக்கே போயிடலாமான்னு யோசிச்ச நாளும் உண்டு. ஆனா விட்டல் அதே வண்டியில இன்னிக்கும் ஓட்டறான். சரியா நம்ம ஷெட்டு முன்னாடி வந்ததும் ஹாரன் அடிச்சுட்டுப் போவான். எனக்கு அது போதும்.

இந்த வருஷம் மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பாட்டீல் சேட் வந்தாரு. அஞ்சாறு வண்டியை வரிசையா நிறுத்திட்டு, எங்கயோ பாத்துக்கிட்டு, "சதீஷ் சீல் போட்டுடு. நீ பண்றியே, அந்தப் புது மாதிரி"ன்னாரு. பேரு அதேதான். நான் மாத்தல. மூடற இடம் அவன் சொன்ன இடம், நீவற விதம் அவன் நீவின விதம். ட்யூபு மட்டும் வேற. அதைப் போட்டுட்டு ஒரு நாள் பூரா திறந்து வச்சுக் காய விட்டுட்டுத்தான் மூடணும். அவசரம்னு யாரு வந்து நின்னாலும் மூடாதீங்க. என் பேரைச் சொல்லி சண்டை போடுங்க.

ஜாதவ் காக்கா, மத்த ஷெட்டுங்க அடிச்ச பழைய மோட்டரு இன்னும் ஊருக்குள்ள சுத்திக்கிட்டு இருக்கு. எத்தனைன்னு யாருக்கும் தெரியாது. வெளிய பாத்தா அழகா இருக்கும். மீட்டரு கூட அன்னிக்கு நல்லாத்தான் காட்டும். மூக்கு மட்டும்தான் காட்டிக் குடுக்கும். அந்த வாசனை எதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சாத்தானே கண்டுபிடிப்பீங்க? புது ட்யூபோட வாசனை வேற, மாசக்கணக்கா அடைஞ்சு கிடந்த வாசனை வேற.

அதனால அந்தச் சட்டையை நான் ஷெட்டுக்குக் கொண்டு வந்துட்டேன்.

அம்மா அன்னிக்குப் போட்ட சண்டை லைனுக்கே கேட்டுச்சு. "என் புள்ளை சட்டையைக் கண்டவனும் மோந்து பாக்கறதா?" நான் சொன்னேன், பாக்கட்டும்மா, அவன் தப்பு எதுன்னு அவன்கிட்டயே கத்துக்கட்டும். அம்மா ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் வேலை பாக்கற வீட்டுல கேட்டு ஒரு டப்பா வாங்கிட்டு வந்துச்சு. ரப்பர் வச்ச மூடி, காத்து போகாது. ஒண்ணும் சொல்லாம மேஜையில வச்சுட்டுப் போச்சு.

மீட்டரு மாட்டற ஆணிக்குக் கீழ அந்த டப்பா இருக்கு, சட்டை அதுக்குள்ள. நாளைக்குக் காலையில வேலையைத் தொடறதுக்கு முன்னாடி, மூணு பேரும் ஒருத்தர் ஒருத்தரா திறந்து மோந்து பாருங்க. வெக்கப்படாதீங்க, நல்லா மூச்சை இழுத்துப் பாருங்க. மூடியைத் திறக்கற ஒவ்வொரு தடவையும் வாசனை கொஞ்சம் போகும். அது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். போகட்டும். அது தீந்து போறதுக்குள்ள நீங்க கத்துக்கிட்டா போதும்.